கைகழுவிய அரசும் கவசம் தைத்த பெண்களும்

2020 ஏப்ரல் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் அறிவுரைக் குறிப்பை வெளியிட்டது. வீட்டில் இருக்கும் சுத்தமான பருத்தித் துணியால் முகக்கவசம் செய்து அணியலாம், இரண்டாகச் செய்து வைத்துக்கொண்டால் ஒன்றைத் துவைக்கும்போது மற்றொன்றை அணியலாம் என்று பொதுமக்களுக்குச் சொன்ன குறிப்பு அது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு வாக்கியமும் இருந்தது. இத்தகைய துணிக் கவசம் சுகாதாரப் பணியாளர்களுக்கும் கொரோனா நோயாளிகளோடு தொடர்பில் இருப்போருக்கும் பரிந்துரைக்கப்படவில்லை. அவர்கள் தமக்கென வரையறுக்கப்பட்ட பாதுகாப்பு உபகரணங்களையே அணிய வேண்டும் என்பது அந்த வாக்கியம்.

வாக்கியத்தில் குறையில்லை. அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதை எழுதிய அரசு, அதற்குப் பின் வந்த ஆறு மாதங்களில் அதைக் கடைப்பிடித்ததா? வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கண்டவர்களைக் கணக்கெடுத்த, வெளியூரிலிருந்து திரும்பியவர்களைத் தனிமைப்படுத்திக் கண்காணித்த ஆஷா ஊழியர்களின் கையில் நாட்டின் பல பகுதிகளில் போய்ச் சேர்ந்தது துணிக் கவசமே. அதுவும் கிடைக்காத இடங்களில் துப்பட்டாவையோ சேலைத் தலைப்பையோ முகத்தில் சுற்றிக்கொண்டு அவர்கள் வேலைக்குப் போனார்கள். இதற்கு இரண்டே விளக்கங்கள் இருக்க முடியும். ஒன்று, அரசு தன் அறிவுரையைத் தானே மீறியது. அல்லது, ஆஷா ஊழியரைச் சுகாதாரப் பணியாளர் என்றே அரசு கருதவில்லை. இரண்டாவதுதான் உண்மை என்பதற்கு அரசின் ஆவணங்களே சாட்சி.

2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கப்பட்ட நாள் முதல் இன்றுவரை ஆஷா என்பவர் 'தன்னார்வலர்'. அவருக்குச் சம்பளம் கிடையாது; ஊக்கத்தொகை உண்டு. 2020-இல் வழக்கமான சில பணிகளுக்காக மாதம் 2,000 ரூபாய், அதன்மேல் பிரசவத்துக்கு இவ்வளவு, தடுப்பூசிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் முறை. ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள் இந்த ஏற்பாட்டின்கீழ் இருக்கிறார்கள். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013-இல் கூடிய 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த பரிந்துரை அது. அப்போதிருந்த காங்கிரஸ் அரசும் அதை நடைமுறைப்படுத்தவில்லை, பிறகு வந்த பாஜக அரசும் அதைத் தொடவில்லை.

ஆனால் 2020 மார்ச் 26 அன்று நிதியமைச்சர் 50 லட்ச ரூபாய் காப்பீட்டை அறிவித்தபோது மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரோடு ஆஷாக்களின் பெயரையும் சேர்த்தே சொன்னார். ஆக, தொற்றால் இறந்துபோனால் அவர் சுகாதாரப் பணியாளர். காப்பீட்டு நிறுவனத்துக்கு மனு எழுதலாம். உயிரோடு இருக்கும்வரை தன்னார்வலர். கவசத்துக்குத் துணி தேடிக்கொள்ளலாம்.

துணிக்கும் கவசத்துக்கும் உள்ள தூரம்

துணிக் கவசத்தை இழிவுபடுத்துவது இங்கு நோக்கமல்ல. கடைத்தெருவிலும் பேருந்திலும் நியாயவிலைக் கடை வரிசையிலும் பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கும் துளிகளை அது தடுக்கிறது. அணிந்திருப்பவரிடமிருந்து மற்றவர்களைக் காக்கிறது. பொதுமக்கள் அனைவரும் அணிந்தால் பயன் உண்டு. சுகாதாரப் பணியாளரின் நிலை வேறு. நோய் இருப்பதாக ஐயப்படும் வீட்டின் வாசலுக்கு அவர் தேடிப் போகிறார். அவருக்குத் தேவைப்படுவது அவரையே காக்கும் கவசம்.

மூன்றடுக்கு அறுவைக் கவசத்தின் நடு அடுக்கு சாதாரணத் துணியன்று. உருக்கிய பாலிபுரொப்பிலீனை மெல்லிய இழைகளாக ஊதிப் படியவைத்து, மின்னேற்றம் கொடுத்துச் செய்யப்படுவது. நுண்துகளை ஈர்த்துப் பிடிப்பது அந்த மின்னேற்றம்தான். பருத்தித் துணியை எத்தனை மடிப்பு மடித்தாலும், எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும், அந்தத் தன்மை அதற்கு வராது. வியட்நாமின் ஹனோய் நகரில் 14 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,607 சுகாதாரப் பணியாளர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. துணிக் கவசம் அணிந்தவர்களிடையே சுவாசத் தொற்று மற்றப் பிரிவினரைவிடக் கூடுதலாக இருந்தது. ஆய்வகச் சோதனையில் நுண்துகள்களில் ஏறத்தாழ 97 விழுக்காடு துணியை ஊடுருவிச் சென்றன. அங்கு பயன்படுத்தப்பட்ட மருத்துவக் கவசத்தில் இது 44 விழுக்காடு. ஈரம் தங்குவதும், மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதும், சரியாகத் துவைக்க முடியாமல் போவதும் காரணங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள். பெருந்தொற்று வருவதற்கு ஐந்தாண்டுகள் முன்பே உலகம் அறிந்திருந்த செய்தி இது.

மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் மார்ச் இறுதியில் வெளியிட்ட கையேடு, துணிக் கவசத்தைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு துவைத்துக் கடும் வெயிலில் குறைந்தது ஐந்து மணி நேரம் உலர்த்தச் சொல்கிறது. வீட்டுக்குள் இருப்பவருக்கு எழுதப்பட்ட விதி இது. காலையில் கணக்கெடுப்புக்குக் கிளம்பி, பிற்பகலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அறிக்கை கொண்டுபோய்க் கொடுத்து, மழைக்கால மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு எந்த வெயில், எந்த ஐந்து மணி நேரம்?

இழந்த ஏழு வாரங்கள்

துணியை நோக்கி நாடு தள்ளப்பட்டது தற்செயலாக நடந்ததன்று. ஜனவரி 30 அன்று கேரளத்தில் முதல் தொற்று உறுதியானது. மறுநாளே பாதுகாப்பு உடைகள், முகக்கவசங்கள் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் அது எட்டு நாள்தான் முழுமையாக நின்றது. பிப்ரவரி 8 அன்று அறுவைக் கவசங்களுக்கும் பெரும்பாலான கையுறைகளுக்கும் தடை விலக்கப்பட்டது. பிப்ரவரி இறுதியில் மேலும் சில பொருள்களுக்குத் தளர்வு கிடைத்தது. உலகச் சந்தையில் கவசத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த நாள்கள் அவை; யாருடைய வேண்டுகோளுக்கு அரசு செவிசாய்த்தது என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பு உபகரணப் பற்றாக்குறையைப் பற்றி எச்சரித்து, உற்பத்தியை 40 விழுக்காடு கூட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அறுவைக் கவசங்களுக்கும் அவற்றுக்கான மூலப்பொருளுக்கும் இந்தியா மீண்டும் தடை விதித்தது மார்ச் 19 அன்று. அன்றிரவுதான் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, வரும் ஞாயிறு மாலை கைதட்டுங்கள் என்றார்.

கைதட்டல் ஓய்ந்த சில நாள்களில் கொல்கத்தாவில் மருத்துவர்களுக்கு மழைக்கோட்டு கொடுக்கப்பட்ட செய்தி வந்தது. ஹரியானாவில் ஒரு மருத்துவர் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை அணிந்துகொண்டு நோயாளிகளைப் பார்த்தார். ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மருத்துவப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு உபகரணம் கிடைப்பதை உறுதிசெய்யுமாறு உத்தரவிட வேண்டியதாயிற்று. மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின்மேல் மலர் தூவின.

மே 12 அன்று 'தற்சார்பு இந்தியா' உரையில் பிரதமரே ஒன்றை ஒப்புக்கொண்டார்: நெருக்கடி தொடங்கியபோது நாட்டில் ஒரு முழுப் பாதுகாப்பு உடைகூடத் தயாராகவில்லை, இப்போது நாளொன்றுக்கு இரண்டு லட்சம் தயாராகிறது என்று. பெருமையாகச் சொல்லப்பட்ட இந்த வாக்கியமே அரசின்மீதான குற்றப்பத்திரிகை. பெங்களூரின் ஆடைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் இருந்தன, தொழிலாளர்கள் இருந்தார்கள். துணியைச் சோதித்துச் சான்றளிக்கக் கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆய்வகம் இருந்தது. கொள்முதல் செய்ய எச்.எல்.எல். லைஃப்கேர் என்ற பொதுத்துறை நிறுவனம் இருந்தது. அதையும் விற்பனைப் பட்டியலில்தான் அப்போது அரசு வைத்திருந்தது. இத்தனையும் கையில் இருந்தும் உத்தரவு பிப்ரவரியில் வரவில்லை. வந்திருந்தால் மார்ச் இறுதியில் எவரும் சேலையைக் கிழித்திருக்க வேண்டியதில்லை.

உலகமெங்கும் இதே கதைதானே என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்விதான். அமெரிக்காவிலும் நோய்க் கட்டுப்பாட்டு மையம், வேறு வழியே இல்லாத கட்டத்தில் செவிலியர்கள் கைக்குட்டையையோ கழுத்துத்துணியையோ கட்டிக்கொள்ளலாம் என்று மார்ச் மாதத்தில் எழுதியது. 2009 பன்றிக் காய்ச்சலின்போது காலியான தேசியக் கையிருப்பை அங்கே பிறகு நிரப்பவில்லை. உலகின் முகக்கவசங்களில் ஏறத்தாழ பாதி சீனாவில் தயாரானது. அங்கே முடக்கம் வந்தபோது மற்ற நாடுகளின் கிடங்குகள் காலியாக இருந்தன. கிடங்கில் பொருளை வைத்திருப்பது வீண்செலவு என்று கற்பித்த மூலதனத்தின் இலாபக் கணக்கே இதற்கு வேர். இந்த அளவுக்கு இந்தியா தனித்துக் குற்றவாளி ஆகிவிடாது. ஆனால் உலகப் பற்றாக்குறை மார்ச் மாதத்தைத்தான் விளக்குகிறது. நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் உற்பத்தி நடக்கிறது என்று அரசே பெருமையடித்துக்கொண்ட பிறகும், கவசம் கேட்டு ஆகஸ்டில் ஆஷா ஊழியர்கள் ஏன் வீதிக்கு வந்தார்கள் என்பதை அது விளக்கவில்லை.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மார்ச் 21 அன்று அரசு மூன்றடுக்கு அறுவைக் கவசத்துக்கு விதித்த உச்ச விலை 10 ரூபாய். கவசத்தை ஆறு மணி நேரத்திலோ ஈரமானதுமோ மாற்ற வேண்டும் என்பது அமைச்சகத்தின் விதி. நாளொன்றுக்கு இரண்டு என்று வைத்தால், பத்து லட்சம் ஆஷாக்களுக்கும் சில்லறை விலையிலேயே வாங்கிக் கொடுக்க மாதம் 60 கோடி ரூபாய் ஆகும். பி.எம். கேர்ஸ் நிதிக்கு மார்ச் 31-க்குள் ஐந்தே நாளில் வந்து சேர்ந்த தொகை 3,076 கோடி ரூபாய் என்று 2020 செப்டம்பர் தொடக்கத்தில் வெளியான தணிக்கை அறிக்கை சொல்கிறது. நான்கு ஆண்டுகளுக்கும் மேல் கவசம் வாங்க அந்த ஐந்து நாள் வசூல் போதும். மே 13 அன்று அந்த நிதியிலிருந்து முதன்முதலாக 3,100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வென்டிலேட்டருக்கு 2,000 கோடி, புலம்பெயர் தொழிலாளர்களுக்கு 1,000 கோடி, தடுப்பூசிக்கு 100 கோடி. ஆஷாவின் கவசத்துக்கு அதில் ஒரு வரி இல்லை.

கொரோனா பணிக்காக ஆஷாவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது மாதம் 1,000 ரூபாய். நாளைக்கு 33 ரூபாய். அவரே கடையில் இரண்டு கவசம் வாங்கினால் மிச்சம் 13 ரூபாய். அந்தப் பத்து ரூபாய் உச்ச விலையும் ஜூன் 30-ஓடு காலாவதியாக விடப்பட்டது. அன்று நாட்டின் மொத்தத் தொற்று ஆறு லட்சத்துக்கும் கீழே. 2020 செப்டம்பர் இறுதியில் 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தொற்று பத்து மடங்கு ஆகும்போது கவசம் அத்தியாவசியப் பொருள் இல்லையாம்.

இனி, தைத்தவர்களைப் பற்றி. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் 27 மாநிலங்களில் ஏறத்தாழ 20,000 மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1 கோடியே 90 லட்சத்துக்கும் அதிகமான முகக்கவசங்களைத் தைத்துவிட்டன என்று உலக வங்கி பாராட்டி எழுதியது. ஊரடங்கில் வேறு வருமானம் அனைத்தும் நின்றுபோன வீட்டில், திண்ணையிலும் சமையலறை மூலையிலும் தையல் இயந்திரத்தைப் போட்டு, குழந்தையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, மடிப்பு எடுத்து, நாடா வைத்து அடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். எலாஸ்டிக் கிடைக்காத நாளில் துணியிலேயே நாடா வெட்டினார்கள். அவர்களுடைய உழைப்பு இல்லாமல் இந்த நாடு அந்த வசந்தத்தைக் கடந்திருக்காது.

உலக வங்கியும் அமைச்சகமும் எழுதாத பகுதி ஒன்று உண்டு. அந்த உழைப்புக்கு உருப்படிக் கூலிதான். நூலும் மின்சாரமும் ஊசி முறிந்தால் புது ஊசியும் பெரும்பாலும் தைப்பவர் கணக்கு. குறைந்தபட்சக் கூலி என்ற பேச்சே இல்லை, ஏனெனில் அவர் தொழிலாளி இல்லை. 'குழு உறுப்பினர்', 'தொழில்முனைவோர்'. அவருடைய இயந்திரமே பல வீடுகளில் கடனில் வாங்கியது. ரிசர்வ் வங்கி அறிவித்த கடன் தவணை ஒத்திவைப்பு 2020 ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிட்டது. வட்டியைத் தள்ளுபடி செய்யச் சொன்னபோது அரசு நீதிமன்றத்தில் இழுத்தடித்தது. ஒரு பக்கம் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளப்படாத ஒரு பெண் தைக்கிறார். மறுபக்கம் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளப்படாத இன்னொரு பெண் அதை அணிந்துகொண்டு நோய்க்களத்துக்குப் போகிறார். இடையில் அரசு செலவழித்தது கைதட்டல்.

இடதுசாரி இயக்கத் தோழர்களும் அந்த மாதங்களில் தைத்தார்கள், விநியோகித்தார்கள். மாதர் அமைப்புகளும் வாலிபர் அமைப்புகளும் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் கவசம் கொடுத்தன. கேரளத்தில் சந்தையில் கவசம் மறைந்துபோன மார்ச் மாதத்தில் இடது முன்னணி அரசு சிறைச்சாலைத் தையற்கூடங்களையும் குடும்பஸ்ரீ பெண்களையும் உற்பத்தியில் இறக்கியது. நெருக்கடியில் மக்களுக்குக் கைகொடுப்பது கம்யூனிஸ்டுகளின் பழைய வழக்கம். 1943 வங்கப் பஞ்சத்திலும் அப்படித்தான் நின்றார்கள். அதற்காக எவரும் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் சில இடங்களில் நிவாரணம் நிவாரணமாகவே நின்றுவிட்டதையும் சொல்லியாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணிக் கவசக் கட்டை ஒப்படைத்து, மருத்துவ அலுவலரோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிய இடங்களில், அரசு கொடுக்க வேண்டியதை யாரோ கொடுத்துவிட்டார்கள் என்ற நிம்மதிதான் அதிகாரிகளுக்கு மிஞ்சியது. ஊழியருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மூன்றடுக்குக் கவசம் கிடங்கிலிருந்து ஏன் வரவில்லை என்ற கேள்வி அங்கே கேட்கப்படவில்லை. தொண்டு நிறுவனத்துக்கு அது போதும். கட்சிக் கிளைக்குப் போதாது.

கேள்வி கேட்டவர்கள் ஆஷாக்களே. கர்நாடகத்தில் ஜூலை 10 முதல் ஏறத்தாழ 42,000 பேர் மாதம் 12,000 ரூபாய் ஊதியமும் தரமான பாதுகாப்பு உபகரணமும் கோரிப் பணியை நிறுத்தினார்கள். மத்தியத் தொழிற்சங்கங்களின் அறைகூவலை ஏற்று ஆகஸ்ட் 7, 8 தேதிகளில் ஆஷா, அங்கன்வாடி, மதிய உணவுத் திட்டப் பணியாளர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று தில்லி ஜந்தர் மந்தரில் கூடிய ஆஷாக்கள்மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. தொற்று பரப்புகிறார்களாம். நோயாளியின் வீட்டுக்கு மாதக்கணக்கில் அனுப்பப்பட்டபோது அந்தக் கவலை எவருக்கும் வரவில்லை.

செப்டம்பர் 14 அன்று கூடிய நாடாளுமன்றம், ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தரவு இல்லை என்ற பதிலைப் பெற்றது. மறுநாள் மாநிலங்களவையில், உயிரிழந்த சுகாதாரப் பணியாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கும் அதே பதில்: பொது சுகாதாரம் மாநிலப் பொருள், மத்திய அளவில் தரவு பராமரிக்கப்படுவதில்லை. கொதித்தெழுந்த இந்திய மருத்துவச் சங்கம் 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. மருத்துவர்களுக்குப் பட்டியல் போட ஒரு சங்கம் இருந்தது, நல்லதாயிற்று. ஆஷாக்களின் சாவுக்கு அப்படி ஒரு பட்டியல் அப்போது அரசிடமும் இருக்கவில்லை. அந்தக் கூட்டத்தொடரிலேயே, எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரத்தில், மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேற்றப்பட்டன. திட்டப் பணியாளரைத் தொழிலாளராக ஏற்க அவற்றில் இடமில்லை.

எனவே கோரிக்கையின் வரிசையை மாற்றிக்கொள்ளக் கூடாது. ஆஷா சுகாதாரப் பணியாளர், ஆகவே தொழிலாளர். ஆகவே அவருக்கு ஏப்ரல் 4 அறிவுரையில் அரசே எழுதிய பாதுகாப்பு உபகரணம் உரிமையாக வர வேண்டும். தைக்கும் பெண்ணுக்குப் பொதுக் கொள்முதலும் குறைந்தபட்சக் கூலியும் வேண்டும். அவர் தைப்பது பொதுமக்களுக்குப் போகட்டும்.

கிளைகள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்புப் பதிவேடு உண்டு. மார்ச் முதல் இன்றுவரை எத்தனை மூன்றடுக்குக் கவசம், எத்தனை என்-95, எத்தனை கையுறை வந்தன, எந்தத் தேதியில், எந்தப் பணியாளருக்கு எத்தனை கொடுக்கப்பட்டன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலை அந்தந்தப் பகுதி ஆஷா ஊழியர்களிடம் காட்டி, பதிவேட்டில் உள்ள எண்ணும் கைக்கு வந்த எண்ணும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த துணிக் கட்டு சுகாதார நிலையத்துக்குப் போவதற்கு முன் அந்த மனு போய்ச் சேரட்டும்.